முட்டி கேம்ப்

என் மனைவிக்கு முழங்கால் இரண்டு. வலது ஒழுங்காக வேலைக்குப் போகும். இடது, பேருக்கு ஏற்ற மாதிரியே, வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டது. கோரிக்கை என்னவென்று சொல்லவுமில்லை, பேச்சுவார்த்தைக்கு வரவுமில்லை. காலையில் அவள் பாயிலிருந்து எழும்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிற எனக்கு அந்தச் சத்தம் கேட்டதும் ஊத மறந்து போகும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னைச் சிரிப்புக்காரன் என்பார்கள். சாவு வீட்டில் கூட என்னை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். உள்ளே விட்டால் படுத்திருக்கிறவர் எழும்பிச் சிரித்துவிடுவார் என்று பயம். அப்படிப்பட்ட ஆள் ஒரு முட்டியின் சத்தத்துக்கு நடுங்குகிறான் என்று வெளியே தெரிந்தால் என் மானம் என்னாவது? அதனால் 'டக்' கேட்டதும் உடனே ஒரு பகிடி விடுவேன். "துவக்குல தோட்டா தீந்துருச்சா, இன்னும் இருக்கா?" என்பேன். அவள் கதவு நிலையைப் பிடித்து நிமிர்ந்துகொண்டே, "ஒங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்" என்பாள். அதோடு எங்கள் வீட்டில் விடிந்துவிடும்.

மழை நேரத்தில் ஒருநாள், கொழுந்துச் சாக்கின் பாரத்தோடு மலையிலிருந்து இறங்கும்போது, தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் அவள் கால் போய்விட்டது. சாக்கை அவள் விடவில்லை. கொழுந்து பத்திரமாக நிறுவைக்கு வந்து சேர்ந்தது. முட்டிதான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் வலி மாத்திரையும் பூச எண்ணெயும் கொடுத்தார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு டாக்டரைப் பார்க்கத் திகதி கொடுத்தார்கள். திகதிக்குப் போனால் டாக்டர் வெளிநாடு போய்விட்டாராம். அடுத்த டாக்டருக்கு அடுத்த திகதி. அவரும் போய்விட்டார். "ஒன் முட்டியப் பாக்கப் பயந்துதான் ஒவ்வொருத்தரா லண்டனுக்கு ஓடுறாங்க" என்றேன். சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

சிரிப்புக்கு அடியில் இருந்த விஷயம் இதுதான். நாங்கள் இருக்கிற லயத்துக் காம்பரா, வரிசை வீட்டில் ஓர் அறை, தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது மலையில் வேலைக்குப் பேர் பதிந்தால்தான் அங்கே இருக்கலாம். மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறான். நான் தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் இல்லை. சுற்றுலாக்காரர்களுக்கு ஹோட்டலாக்கிவிட்ட பழைய துரை பங்களாவில் வான் ஓட்டுகிறவன். ஆக, எங்கள் தகரக் கூரை நின்றது சுவரில் இல்லை, அவளுடைய இடது முட்டியில்.

வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா இதை ஒருநாள் பெரட்டுக்களத்தில், காலையில் ஆள் பிரிக்கும்போது, எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். "மட்ட மலையெல்லாம் காடாப் போச்சும்மா. செங்குத்துதான் மிச்சம். ஏற முடியாட்டி இப்பவே சொல்லு. ஆனா வீட்ல ஒரு பேராவது விழணும். இல்லாட்டி காம்பராவைப் பத்தி மேல கேப்பாங்க, நான் பதில் சொல்லணும்."

"ஏறுவேங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஏறினாள். கீழே ரோட்டில் வானை நிறுத்திவிட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது காலை வைப்பாள், இடது காலைப் பின்னாலிருந்து இழுத்து எடுப்பாள், தேயிலைச் செடியைப் பிடித்து நிற்பாள். அந்தச் செடிகள் இல்லாவிட்டால் அவள் மலையில் இல்லை.

அந்த நாட்களில்தான் பங்களாவுக்கு லண்டனிலிருந்து நான்கு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். இரண்டு ஜோடி, எல்லாரும் வயதானவர்கள். நெட்டையாக இருந்தவரை மற்ற மூவரும் 'டாக்டர், டாக்டர்' என்றே கூப்பிட்டார்கள். அவர்களைப் பட்டிப்பொல ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு வரும் வழியெல்லாம் நான் கண்ணாடியில் ரோட்டைப் பார்க்கவில்லை, அவருடைய கைகளைத்தான் பார்த்தேன். பெரிய கை, நீள விரல். எலும்பைப் பிடித்துத் திருப்புவதற்கென்றே செய்த கை. எங்கள் டாக்டர்கள் எல்லாம் லண்டனுக்குப் போய்க்கொண்டிருக்கிற காலத்தில் லண்டன் டாக்டர் ஒருவர் எங்கள் மலைக்கு ஏறி வந்தால், அது பண்டமாற்று என்றுதானே எவனும் நினைப்பான்?

பங்களா வாசலில் இறங்கியதும் டாக்டரின் மனைவி மேனேஜரிடம் படபடவென்று ஏதோ பேசினார். என் ஆங்கிலம் என் வானைப் போல: முதல் கியரில் சத்தம் பெரிது, ரிவர்ஸ் கிடையாது. அந்தச் சத்தத்தில் எனக்குப் பிடிபட்டவை இவ்வளவுதான்: ஞாயிற்றுக்கிழமை, டாக்டர், புல்வெளி, எல்லாரும் வரலாம், 'நீஸ்-அப்'.

தமிழில் 'நீ' என்றால் எதிரே நிற்கிற ஆள். ஆங்கிலத்தில் 'நீ' என்றால் முழங்கால். இது எனக்கு நன்றாகத் தெரியும், எக்ஸ்ரே உறையில் எழுதியிருந்ததே! 'அப்' என்றால் மேலே. விழுந்த முழங்காலை மேலே தூக்கிவிடுவது. இதற்கு என்ன அகராதி வேண்டும்?

நான் சும்மா விடவில்லை. ஊர்ஜிதப்படுத்திக்கொள்ளாமல் காரியத்தில் இறங்குகிற ஆள் நான் இல்லை. பெட்டிகளை இறக்கிக்கொண்டே அந்த அம்மாவிடம், "மேடம், சண்டே நீஸ்-அப், ஆல் பீப்பிள்?" என்று கேட்டேன்.

எல்லாருக்கும்தான், உன் மனைவியையும் கூட்டிவா என்றார்.

"மை வைஃப் நீ வெரி பேட், மேடம்" என்றேன்.

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்து, என் தோளில் தட்டி, அப்படியென்றால் அவள் கட்டாயம் வரவேண்டும் என்றார். ஒரு டாக்டரின் மனைவி இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வார்?

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"பங்களாவுல முட்டி கேம்ப்பா?"

"லண்டன் டாக்டரு. புல்வெளியில வச்சுப் பாக்குறாராம்."

"ஏன், பங்களாவுக்குள்ள எடமில்லையாமா?"

"கூட்டத்துக்கு எடம் வேணுமில்ல."

"சும்மா பகிடி விடாதீங்க."

"ஓம் முட்டி மேல சத்தியமா."

அப்போதுதான் அவள் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். வேறு எதை வைத்து வேண்டுமானாலும் நான் பொய்ச் சத்தியம் செய்வேன், அந்த முட்டியை வைத்துச் செய்யமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பார்வையில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் பயமாகிவிட்டது. வலியோடு இருக்கிறவளைச் சமாளிக்க எனக்குப் பகிடிகள் இருந்தன. நம்பிக்கையோடு இருக்கிறவளைச் சமாளிக்க ஒன்றும் கைவசம் இல்லை.

மறுநாள் மலையில் அவள் ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னாளாம். பக்கத்து நெரையில் கொழுந்தெடுக்கிற, எங்கள் பக்கத்துக் காம்பராக்கார அக்கா. அந்த அக்காவிடம் சொல்வதும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. அன்று பின்னேரம் நான் வானில் வரும்போது மேலே மலையிலிருந்தே குரல் வந்தது.

"அண்ணே! ரெண்டு முட்டியும் பாப்பாரா, ஆளுக்கு ஒண்ணுதானா?"

"ரெண்டும் பாப்பாரு!" என்று கத்தினேன். வாய் எனக்கு முன்னால் போய்விடும்.

"எக்ஸ்ரே கொண்டாரணுமாண்ணே?"

"கொண்டாங்க, கொண்டாங்க!"

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. பங்களாப் புல்வெளியில் மேசை விரித்து, கேக்கும் போத்தல்களும் வைத்து, மரத்துக்கு மரம் கலர் காகிதம் கட்டினோம். கேம்ப்புக்குக் கேக் எதற்கு என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தேகம் எட்டிப் பார்த்தது. வெள்ளைக்காரர்கள் எதையும் அழகாகச் செய்கிறவர்கள் என்று அதைத் தட்டி உட்கார வைத்தேன்.

பிறகு பாட்டுப் போட்டார்கள். டாக்டர் தலையில் ஒரு காகிதத் தொப்பியோடு வந்தார். நான்கு பேரும் கையோடு கை கோத்து வரிசையாக நின்றார்கள். நின்று, முழங்காலைத் தூக்கினார்கள். இடது, வலது, இடது, வலது. டாக்டரின் முழங்கால் அவருடைய நெஞ்சு வரைக்கும் போனது.

இரண்டு கையிலும் நாற்காலியோடு நின்றுகொண்டிருந்த நான், மேனேஜரிடம் மெதுவாக, "இதுவா நீஸ்-அப்?" என்று கேட்டேன். அவர் சிங்களவர், தன்மையான பொடியன், அண்ணன் என்கிற மரியாதையில் என்னை 'அய்யே' என்றுதான் கூப்பிடுவார். "ஓ, டாக்டருக்குப் பிறந்தநாள்தானே அய்யே. பார்ட்டி" என்றார்.

பிற்பாடு போனில் தேடிப் பார்த்தேன். உண்மைதான். வெள்ளைக்காரர்களின் பேச்சு வழக்கில் நீஸ்-அப் என்றால் கும்மாளம். அந்தக் காலத்தில் லண்டன் சாராயக்கடைகளில், வேலை முடிந்து வந்த சனங்கள் முழங்காலைத் தூக்கித் தூக்கி ஆடுவார்களாம்; அப்படி ஆடச் சொல்கிற ஒரு பாட்டும் இருந்ததாம்; அதிலிருந்து வந்த சொல்லாம். நம் கும்மாளத்தில் எந்த உறுப்பும் கிடையாது. அதிகம் போனால் தலைகால் தெரியாமல் ஆடுவோம். அதிலும் தலை இருக்கிறது, கால் இருக்கிறது, முட்டி இல்லை. முட்டியை நாம் சந்தோஷத்தில் சேர்த்ததே இல்லை. பிறகு எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் இதெல்லாம் பிற்பாடு. அந்த நேரத்தில் நான் தலையைத் தூக்கி மலையைப் பார்த்தேன். தேயிலைக்கு நடுவே வருகிற ஒற்றையடிப் பாதையில் பொம்பளைகள் வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். கோயிலுக்குக் கட்டுகிற சேலைகள். ஒவ்வொருவர் கக்கத்திலும் ஒரு எக்ஸ்ரே உறை. முன்னால் பக்கத்துக் காம்பரா அக்கா. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாக ஒவ்வொரு அடியாக இறங்குகிறவள் என் மனைவி.

வீரமாக ஒரு காரியம் செய்தேன். நாற்காலிகளைப் போட்டுவிட்டு ஓடி, வானுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். அங்கிருந்து அவளுக்குப் போன் அடித்தேன்.

"வராத, திரும்பிப் போ" என்றேன்.

"என்னாங்க, காத்துல கேக்கல. வந்துட்டோம். முட்டியெல்லாம் கழுவிப் பவுடர் போட்டு வர்றோம்னு டாக்டர்கிட்டச் சொல்லுங்க."

வானின் டயரில் நெற்றியை முட்டிக்கொண்டேன். அதுவும் முட்டிதான்.

வெளியே வந்து பார்த்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. பொம்பளைகள் புல்வெளி ஓரத்தில், பெரட்டுக்களத்தில் நிற்பது போல, நேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். ஆட வந்த கோஷ்டி என்று நினைத்துவிட்டார்கள். மேனேஜர் ரகசியமாக ஏற்பாடு செய்த பிறந்தநாள் பரிசு என்று. மேனேஜர் என்னைப் பார்த்து, "மே மொகத அய்யே?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். அது எனக்குச் சிங்களத்திலும் தெரியாது, தமிழிலும் தெரியாது.

அக்கா முதல் ஆளாக முன்னே வந்து, கும்பிட்டு, டாக்டருக்குக் காட்டுவதற்காகச் சேலையை முட்டி வரைக்கும் தூக்கினார். அதுதான் ஆட்டத்தின் முதல் அடி என்று எண்ணி, டாக்டரின் மனைவியும் தன் பாவாடையை முட்டி வரைக்கும் தூக்கினார். அக்கா திரும்பி, "பாவம், இந்தம்மாவுக்கும் முட்டி வலிதான் போல" என்றார்.

நான் சிரித்தேன். இப்போதும் அந்த இடத்தில் சிரிப்பு வருகிறது. அதற்கு அடுத்த இடத்தில் வருவதில்லை.

டாக்டரின் மனைவி ஆசையாக வந்து என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்தார். கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்கப்போகிறார் என்று இவளும் நம்பிப் போனாள். அவரோ பாட்டுக்குத் தகுந்தபடி இவளையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினார். 'டக்.' அவ்வளவு பாட்டிலும் அது எனக்குக் கேட்டது. இவள் கத்தவில்லை. புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உறை விலகி, எக்ஸ்ரே புல்லின் மேல் கறுப்பாக விழுந்தது.

பாட்டை நிறுத்தினார்கள். தொப்பியோடு டாக்டர் வந்து புல்லில் மண்டியிட்டார். அவர் அவள் முட்டியைத் தொட்ட விதத்தைப் பார்த்ததும், வெட்கங்கெட்ட என் நம்பிக்கை திரும்பவும் எழும்பி நின்றது. அந்த நீள விரல்கள் எலும்பின் ஓரங்களைத் தேடிப் போயின. எக்ஸ்ரேயை எடுத்து வெயிலுக்குப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், தான் ஒரு 'வெட்' என்றார்.

"வெட்டணுமாமா?" என்று அக்கா அலறினார். வரிசை முழுக்க "ஐயோ" என்றது. என் மனைவி இரண்டு கையாலும் முட்டியைப் பொத்திக்கொண்டாள்.

"வெட்ட இல்லக்கா! மிருக வைத்தியர்! குதிரை டாக்டரு!" என்று நான் கத்தினேன். கத்திய பிறகுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது.

நுவரெலியாப் பந்தயக் குதிரைகளை எங்கள் சனங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். வேலிக்கு வெளியே நின்று.

அக்கா என்ன நினைத்தாரோ, தன்னுடைய எக்ஸ்ரேயை எடுத்து அவரிடம் நீட்டினார். "குதிரைக்கும் எலும்புதானே. பாக்கச் சொல்லுங்கண்ணே." டாக்டர் மறுக்கவில்லை. அக்காவுக்குப் பின்னால் அடுத்தவர், அடுத்தவர். ஒவ்வொன்றையும் வாங்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். கேம்ப் நடந்துவிட்டது. கேக்கில் எறும்பு ஏறியது. கடைசி எக்ஸ்ரேயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் மேலே மலையைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார். என் மனைவியைக் காட்டி, இந்தக் கால் இனி அந்த மலையில் ஏறக்கூடாது என்றார். அதை மொழிபெயர்த்தேன். அது கஷ்டமில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"குதிரைக்கு இப்புடி வந்தா என்னா செய்வாராம், கேளுங்கண்ணே" என்றார் அக்கா.

கேட்டேன். டாக்டர் காகிதத் தொப்பியைக் கழற்றினார். அதைச் சின்னதாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு என்னிடம் மட்டும் கேட்கும்படி, குதிரைக்குச் செய்வதை அவர்களிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

"என்னா சொல்றாரு?"

"ஓய்வு குடுத்துருவாங்களாம்" என்றேன்.

"பாத்தியா புள்ள! குதிரைக்கே ஓய்வு குடுக்குறாங்க!" என்றார் அக்கா. பொம்பளைகள் சிரித்தார்கள். சிரித்ததைப் பார்த்து வெள்ளைக்காரர்களும் நிம்மதியாகச் சிரித்தார்கள். கேக்கைத் துண்டு போட்டுக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். ஒரு கக்கத்தில் எக்ஸ்ரே, ஒரு கையில் கேக்கோடு வரிசை மறுபடியும் மலை ஏறியது.

அவளை நான் வானில் ஏற்றிக்கொண்டு போனேன். லயத்துக்குத் திரும்புகிற முடக்கில் அவள் கேட்டாள். "ஓய்வுன்னீங்களே. குதிரைக்குத் தோட்டாதானே?"

நான் கியரை மாற்றினேன்.

"வெளங்குது" என்றாள். "சும்மா கேட்டேன்."

மறுநாள் அவள் எழும்பவில்லை. அதற்கடுத்த நாளும் மலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரித் திகதி இன்னும் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. கண்டாக்கு ஐயா லயத்துப் பக்கம் வந்து, ஒன்றும் கேட்காமல், எங்கள் கூரையை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

அவளுடைய படங்குச் சாக்கை, இடுப்பில் கட்டிக்கொள்கிற அந்தச் சாக்கை, அவள் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். அதை எடுத்துக் கட்டிக்கொண்டு நான் பெரட்டுக்களத்துக்குப் போனேன். கண்டாக்கு ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா?"

"எனக்கு ரெண்டு முட்டி இருக்குங்க ஐயா. ரெண்டும் எந்தச் சங்கத்துலயும் இல்ல."

அவரே சிரித்துவிட்டார். பேர் பதிந்தார். இப்போது காலையில் கொழுந்து, வேலை முடிந்து கிடைக்கிற நேரத்தில் வான். கொழுந்தெடுப்பதில் நான் மலையிலேயே கடைசி. செங்குத்தில் நான் தவழ்ந்து ஏறுவதைப் பார்ப்பதற்காகவே அக்கா மேலே நெரையில் திரும்பி நிற்பார். யாரோ அவருக்கு அந்தச் சொல்லின் அர்த்தத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நானாகத்தான் இருக்கும், என் வாய் அப்படி.

"நீஸ்-அப், அண்ணே! நீஸ்-அப்!"

மலை முழுக்க அதைப் பிடித்துக்கொள்ளும். "நீஸ்-அப்! நீஸ்-அப்!" நானும் சளைக்காமல், லண்டன்காரர் மாதிரி முழங்காலை நெஞ்சு வரை தூக்கிக் காட்டி, செடியைப் பிடித்து, அடுத்த அடி வைப்பேன். சிரிப்பார்கள். மூடுபனியில் ஆள் தெரியாது, சிரிப்பு மட்டும் கேட்கும்.

போன வாரம், அப்படித் தூக்கி வைத்த அடியில் 'டக்' என்றது.

அக்காவுக்கு நேர் கீழே நின்றிருந்தேன். அவர் கை கொழுந்தில் அப்படியே நின்றது. "என்னாண்ணே அது?"

"சுள்ளிக்கா. ஒடிஞ்சிருச்சு" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கொழுந்தெடுத்தார். அன்று அதற்குப் பிறகு யாரும் நீஸ்-அப் என்று கத்தவில்லை.

இப்போதும் காலையில் முதலில் எழும்புகிறவன் நான்தான். பாயில் கையை ஊன்றி எழும்பும்போது பலமாக இருமுகிறேன். அந்தச் சத்தம் வருகிற இடம் எனக்குச் சரியாகத் தெரியும். அந்த இடத்தில் இருமல் வந்து விழும்படி பழகிவிட்டேன்.

"என்னாங்க, இந்த இருமல் விடவே மாட்டேங்குதே" என்கிறாள். சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்கு வந்து, கொத்தமல்லி அவித்துத் தருகிறாள். நின்றுகொண்டே ஊதி ஊதிக் குடிக்கிறேன். உட்கார்ந்தால் மறுபடியும் எழும்ப வேண்டும்.